கதை சொல்லித்தர முடியாது என்பவர்களுக்கு

"கதை எழுதறதெல்லாம் பள்ளிக்கூடத்துல சொல்லித்தர்ற விஷயமா? அது பொறப்புலயே வரணும்." செங்கல்பட்டுப் பக்கம் எந்தப் பள்ளியின் ஆசிரியர் அறையிலும் இந்தப் பேச்சை எடுத்துப் பாருங்கள், டீ ஆறுவதற்குள் யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிடுவார். கூட நாலு பேர் தலையாட்டுவார்கள். இலக்கியக் கூட்டங்களில் இதையே இன்னும் கொஞ்சம் அலங்காரமாகச் சொல்வார்கள். பெற்றோரின் கவலை வேறு: "அடுத்த வருஷம் பத்தாவது, இப்பப் போய் கதையா?" ஆளுக்கொரு காரணம். எல்லாரும் வந்து நிற்கிற இடம் மட்டும் ஒன்றுதான்: உயர்நிலைப் பள்ளியில் புனைகதையின் அடிப்படைகளைக் கற்றுத்தர முடியாது, முடிந்தாலும் தேவையில்லை.

இதை நான் அடியோடு மறுக்கிறேன். இது வெறும் தவறான கருத்தாக இருந்தால் விட்டுவிடலாம். இதனால் நஷ்டப்படுவது யார் என்று பார்த்தால் விட்டுவிட முடியவில்லை. வீட்டில் புத்தக அலமாரி உள்ள பிள்ளைக்கு அப்பாவோ அத்தையோ கதை எப்படி நகர்கிறது என்று காட்டிவிடுவார்கள். கொக்கிலமேட்டிலும் தேவனேரியிலும் சதுரங்கப்பட்டினத்திலும் கடலை நம்பிப் பிழைக்கிற வீட்டிலிருந்து வரும் பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தை விட்டால் வேறு இடம் கிடையாது. பள்ளியும் கையை விரித்துவிட்டால் "பிறவிக் கொடை" என்பது வசதியுள்ளவர்களுக்கு மட்டும் வாய்க்கும் கொடையாகிவிடுகிறது.

முதலில் அந்தப் பிறவிக் கொடையைப் பார்ப்போம். 2022 ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 10 வரை 44ஆவது செஸ் ஒலிம்பியாட் மாமல்லபுரத்தை ஒட்டிய பூஞ்சேரியில் நடந்தது. அந்தச் சமயத்தில் தமிழ்நாடு முழுக்க அரசுப் பள்ளிகளில் சதுரங்கப் போட்டி வைத்தார்கள். குதிரை எப்படித் தாவும், யானை எந்தப் பக்கம் போகும் என்று அதுவரை பலகையையே பார்த்திராத பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். விஸ்வநாதன் ஆனந்த் ஆவதற்குப் பிறவித் திறமை வேண்டும், ஆகவே யாருக்கும் காய் நகர்த்தச் சொல்லித்தர வேண்டாம் என்று ஒருவர்கூட வாதிடவில்லை. மேதையாவது வேறு, ஆட்டத்தின் அடிப்படை தெரிவது வேறு என்பது அங்கே எல்லாருக்கும் புரிந்தது. கதை என்று வந்தவுடன் மட்டும் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம்.

புனைகதையின் அடிப்படைகள் என்று நான் சொல்பவை மந்திரம் அல்ல. கதையை யார் சொல்கிறார்? எந்த இடத்தில் தொடங்குவது? கதையில் வருகிறவர் எதை விரும்புகிறார், எது குறுக்கே நிற்கிறது? எதைக் காட்ட வேண்டும், எதை ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிடலாம்? பாத்திரங்கள் எப்படிப் பேசுவார்கள்? எதை எழுதாமல் விடுவது? இவை அத்தனையும் பதினாலு வயதுப் பிள்ளைக்குப் புரியும்படி சொல்லக்கூடியவை. எழுதிப் பார்க்கவும், அடித்துத் திருத்தவும் கூடியவை. வாக்கியத்தில் எழுவாய் பயனிலை சொல்லித்தர முடியுமானால் இவற்றையும் சொல்லித்தர முடியும்.

உடனே ஒரு பட்டியல் வரும். ஜெயகாந்தன் ஐந்தாம் வகுப்புக்கு மேல் படித்தாரா? கி. ராஜநாராயணன் எந்தப் பள்ளியில் கதை கற்றார்? ராஜம் கிருஷ்ணன்? இந்தப் பெயர்களைச் சொல்லிவிட்டால் வாதம் முடிந்தது என்று நினைக்கிறார்கள். எனக்கு இந்த மூவரும் எதிர்த் தரப்பின் சாட்சிகளாகத் தெரியவில்லை.

ஜெயகாந்தன் பள்ளியை விட்டார், உண்மை. ஆனால் அவர் போய்ச் சேர்ந்தது கம்யூனிஸ்ட் கட்சியின் அலுவலகத்தில். ஜீவா போன்றவர்கள் நாள் முழுக்கப் பேசிக்கொண்டும் வாதாடிக்கொண்டும் இருந்த இடம் அது. அச்சகத்தின் மை வாசனையிலேயே வளர்ந்த பிள்ளை அவர். அதைவிட நல்ல பள்ளி எந்த ஊரில் இருந்தது? கி.ரா.வுக்கு இடைசெவலில் கு. அழகிரிசாமி இருந்தார். ஒரே ஊரில் இரண்டு சாகித்திய அகாதெமி எழுத்தாளர்கள் தற்செயலாக முளைத்துவிடவில்லை. இருவரும் ஒன்றாகப் படித்தார்கள், பேசினார்கள், பிரிந்திருந்தபோது கடிதம் எழுதிக்கொண்டார்கள், ரசிகமணி டி.கே.சி.யின் அருகில் உட்கார்ந்து ரசிக்கக் கற்றார்கள். இன்று நமது செங்கல்பட்டு மாவட்டத்தில் இருக்கும் தாம்பரத்தில் நெடுங்காலம் வாழ்ந்த ராஜம் கிருஷ்ணன், சிறு வயதிலேயே திருமணமாகிப் பள்ளிப் படிப்பை இழந்தவர். உப்பளத் தொழிலாளரைப் பற்றிக் 'கரிப்பு மணிகள்' எழுதும்முன் தூத்துக்குடிக்குப் போய் அவர்களோடு பழகி, கேட்டு, குறித்துக்கொண்டு வந்து எழுதினார். தனக்குத் தானே ஒரு பாடத்திட்டம் வகுத்துக்கொண்டு உழைத்தவரை "தானாக வந்த கலை" என்று சொல்வது அவர் உழைப்பைக் கொச்சைப்படுத்துவது.

தி. ஜானகிராமனுக்குக் கும்பகோணத்தில் கு.ப.ரா. இருந்தார். இமையத்துக்குத் திருச்சியில் பேராசிரியர் எஸ். ஆல்பர்ட் இருந்தார். நம் எழுத்தாளர்களில் யாருடைய இளமையைத் தோண்டினாலும் அங்கே ஓர் அண்ணன், ஒரு வாத்தியார், ஒரு நண்பர் குழாம், ஒரு பத்திரிகை அலுவலகம் அகப்படும். கற்றுத்தந்தவர்களின் பெயர் முன்னட்டையில் வருவதில்லை என்பதால் கற்றுத்தரவே இல்லை என்று ஆகிவிடாது. அந்த அண்ணனும் அந்த நண்பர் குழாமும் எல்லா ஊரிலும் எல்லாப் பிள்ளைக்கும் அமைவதில்லை. அமையாத இடத்தில் அந்த வேலையைச் செய்யத்தான் பள்ளி என்று ஒன்று இருக்கிறது.

அடுத்து வருவது, "பாடப்புத்தகத்தில்தான் கதைகள் இருக்கின்றனவே" என்ற பதில். இருக்கின்றன, அதுவும் அருமையான கதைகள். 2018க்குப் பிறகு வந்த புத்தகங்களில் விரிவானப் பகுதியை எடுத்துப் பாருங்கள். ஒன்பதாம் வகுப்பில் கந்தர்வனின் 'தண்ணீர்', தி. ஜானகிராமனின் 'செய்தி'. பத்தாம் வகுப்பில் சா. கந்தசாமியின் 'பாய்ச்சல்', கு. அழகிரிசாமியின் 'ஒருவன் இருக்கிறான்', கி.ரா.வின் 'கோபல்லபுரத்து மக்கள்' நாவலிலிருந்து ஒரு பகுதி. இந்தத் தேர்வுக்காகப் பாடநூல் குழுவைக் கையெடுத்துக் கும்பிடுவேன். ஆனால் வகுப்பில் அந்தக் கதைகளுக்கு என்ன நடக்கிறது? கதைச் சுருக்கம். பிறகு "இக்கதை உணர்த்தும் கருத்து." பிறகு உரைநூலில் இருக்கும் ஒன்றரைப் பக்க விடை. முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று உட்தலைப்பிட்டு ஒப்பித்தால் மதிப்பெண் விழுந்துவிடும்.

'ஒருவன் இருக்கிறான்' கதையை மட்டும் எடுத்துக்கொள்வோம். நோயாளியாக, நாதியற்றவனாக ஒருவன் உறவினர் வீட்டுக்கு வந்து கிடக்கிறான். அவனைப் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் பார்க்கிறார். பார்க்கவே பிடிக்காமல் பார்க்கிறார். பிறகு காஞ்சிபுரத்திலிருந்து, அவனைப் போலவே ஏழையான ஒரு நண்பன் எழுதிய கடிதம் வருகிறது. இந்தக் கதையை அந்த நோயாளியே சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? தன் கஷ்டத்தைத் தானே சொல்லிப் புலம்பும் இன்னொரு கதை. வெறுப்போடு பார்க்கிறவர் சொல்வதால்தான் அந்தக் கடிதம் நம்மையும் சேர்த்துச் சுடுகிறது. "கதையை நோயாளி சொல்வதுபோல் முதல் பத்து வரியை மாற்றி எழுதிப் பார்" என்று ஒரு பிள்ளையிடம் சொன்னால் போதும், கதையை யார் சொல்வது என்ற பாடம் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். அந்தப் பிள்ளைக்கு அழகிரிசாமியின் பெருமையும் அப்போதுதான் உண்மையாகப் புரியும். கருத்து எழுதச் சொல்லிச் சொல்லி அந்த வாய்ப்பை ஆண்டுதோறும் வீணடிக்கிறோம்.

இதைவிட எனக்கு ஆற்றாமையைத் தருவது ஒன்று உண்டு. பத்தாம் வகுப்பில் அகப்பொருள் இலக்கணம் பாடம். முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள். ஐந்து திணைக்கும் அட்டவணை. நெய்தல் என்றால் கடலும் கடல் சார்ந்த இடமும், பொழுது எற்பாடு, தெய்வம் வருணன், தொழில் மீன்பிடித்தலும் உப்பு விளைத்தலும், பூ தாழை, பறவை கடற்காகம், உரிப்பொருள் இரங்கல். மாமல்லபுரத்துக் கடற்கரையில் வளர்ந்த பெண் பிள்ளை இதை உட்கார்ந்து மனப்பாடம் செய்கிறாள். தன் வீட்டுத் திண்ணையிலிருந்து பார்த்தால் தெரிகிற பொழுதை, தன் அப்பாவின் தொழிலை, வேலியோரத்தில் நிற்கிற தாழையை, வலை உலர்த்தும் இடத்தில் வந்து உட்கார்கிற பறவையைக் கட்டம் போட்ட அட்டவணையிலிருந்து இரண்டு மதிப்பெண்ணுக்காக நெட்டுருப் போடுகிறாள்.

தொல்காப்பியர் அந்த இலக்கணத்தை எதற்கு எழுதினார்? செய்யுள் செய்கிறவனுக்காக எழுதினார். முதலில் இடத்தையும் பொழுதையும் வை. அந்த இடத்தில் என்ன மரம், என்ன மீன், என்ன தொழில் என்று வை. அதற்குள் ஓர் உணர்ச்சியை வை. இதைவிடச் சுருக்கமான, சுத்தமான புனைவுப் பயிற்சி உலகத்தில் எந்த மொழியில் இருக்கிறது? அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகம் 1936இல் எழுத்துப் பட்டறை தொடங்கியதை நம் ஆட்கள் வியந்து பேசுகிறார்கள். பேசட்டும், அது வியக்கத்தக்கதுதான். ஆனால் படைப்பதற்கு இலக்கணம் சொல்ல முடியும், அதைக் கற்றுக் கவி செய்ய முடியும் என்று ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நம்பியது நம் மரபு. கதை சொல்லித்தர முடியாது என்கிற தமிழாசிரியர், தான் வாழ்நாளெல்லாம் நடத்திய பொருளதிகாரத்தையே மறுக்கிறார். பெரும்பாணாற்றுப்படையில் வரும் நீர்ப்பெயற்று என்ற துறைமுகம் இந்த மாமல்லபுரம்தான் என்று கருதும் அறிஞர்கள் உண்டு. இந்தக் கரையைச் செய்யுளில் காட்சியாக்கத் தெரிந்த ஒரு மரபின் பிள்ளைகளிடம், அதே கரையைப் பற்றி ஒரு பக்கம் எழுதச் சொல்லித்தர முடியாது என்று எந்த வாயால் சொல்வது?

"சொல்லிக்கொடுத்தாலும் அதுங்க என்ன எழுதப் போவுது?" என்பார்கள். என்ன எழுதும் என்று சொல்கிறேன். சில காலமாகச் சனிக்கிழமைகளில் பிள்ளைகளோடு உட்கார்ந்து கதை எழுதிப் பார்ப்பது எனக்கு வழக்கம். ஒன்பதாவது படிக்கும் மீனவக் குடும்பத்துப் பையன் ஒருவன் முதலில் எழுதிக் காட்டிய கதை இது. ஓர் ஊரில் ஒரு மீனவர் இருந்தார். அவர் மிகவும் நல்லவர். ஒரு நாள் கடலுக்குச் சென்றார். பெரும் புயல் வீசியது. கடவுளை வேண்டினார். புயல் நின்றது. நீதி: நம்பினார் கெடுவதில்லை. எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. இதைத் தேர்வில் எழுதியிருந்தால் ஐந்துக்கு ஐந்து.

அந்த நீதி வரியைக் கையால் மறைத்துக்கொண்டு படிக்கச் சொன்னேன். படித்தான். "படகு வர லேட்டானா வீட்டுல யார் முழிச்சிருப்பா?" என்று கேட்டேன். ஆயா என்றான். "ஆயா என்ன செய்யும், கரைக்கு வந்து நிக்குமா?" "நிக்காது சார். உள்ளயே உக்காந்து வெத்தலை இடிக்கும். வெத்தலை மசிஞ்சிடும், ஆனா இடிச்சிக்கினே இருக்கும். படகு வந்துட்டுதுன்னு யாராவது சொன்னாத்தான் நிறுத்தும்." அவன் சொன்னதை அப்படியே எழுதச் சொன்னேன். அடுத்த வாரம் கொண்டுவந்த கதையில் புயல் இல்லை, கடவுள் இல்லை, நல்லவரான மீனவரும் இல்லை. இருட்டில் படுத்திருக்கும் ஒரு பையன், உரலில் விழும் இடியைக் கேட்டுக்கொண்டிருக்கிறான். முக்கால் பக்கம்தான். மூன்று இடத்தில் ஒற்று விட்டிருந்தான். முந்தைய கதையில் இல்லாத ஒன்று இதில் இருந்தது: இந்தப் பையனைத் தவிர வேறு யாராலும் இதை எழுதியிருக்க முடியாது.

நான் அவனுக்குத் திறமையை ஊட்டவில்லை. எனக்கு அந்த வித்தை தெரியாது. யார் கேட்கிறார், எங்கே தொடங்குவது, புயல் தேவையா என்று கேள்விதான் கேட்டேன். அந்தக் கேள்விகளைக் கேட்பதுதான் கற்பித்தல். கேட்காமல் விட்டிருந்தால் அந்தப் பையன் "நல்லவரான மீனவர்" கதையையே ஆயுளுக்கும் எழுதிக்கொண்டிருப்பான். அவனுக்குக் கதை வராது என்று நாமும் ஒரு நாள் தீர்ப்புச் சொல்லியிருப்போம். நீதிக்கதையும், குறிப்புகளைக் கொண்டு விரித்து எழுதுகிற பழக்கமும் பிள்ளைகளுக்குக் கதையைக் கற்றுத்தரவில்லை. சொந்த வீட்டில் நடப்பதெல்லாம் கதைக்கு ஆகாதவை என்பதைத்தான் மிக வெற்றிகரமாகக் கற்றுத்தந்திருக்கின்றன.

"இந்த வயசுல என்ன அனுபவம் இருக்கும்?" என்று கேட்பவர்களை மாசி மகத்தன்று மாமல்லபுரத்துக் கடற்கரைக்கு வரச் சொல்வேன். பல மாவட்டங்களிலிருந்தும் இருளர் குடும்பங்கள் வந்து சேர்ந்து, சேலையால் கூடாரம் கட்டி, மணலில் இரவு தங்கி, கன்னியம்மனைக் கும்பிட்டு, அங்கேயே பெண் பார்த்து, சம்பந்தம் பேசி, தாலி கட்டிப் போகிற திருவிழா அது. அந்த மணலில் தூங்கி எழுந்த பிள்ளை மறுநாள் பள்ளிக்கு வந்தால் வருகைப் பதிவேட்டில் விடுப்பு என்று குறிக்கப்பட்டிருக்கும். அதற்கு மேல் அதைப் பற்றி அந்தப் பிள்ளையிடம் கேட்க யாருமில்லை. இதே மாவட்டத்து இருளர்களான வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2023இல் பத்மஸ்ரீ பெற்றார்கள். பாம்பின் தடத்தை மண்ணில் படிக்கத் தெரிந்தவர்கள். அவர்கள் இனத்துப் பிள்ளைக்கு அனுபவம் போதாது என்று சொல்ல எனக்கு நாக்கு எழாது.

சுனாமியையும் சொல்ல வேண்டும். 2004 டிசம்பர் 26க்குப் பிறகு பிறந்தவர்கள்தான் இன்று உயர்நிலைப் பள்ளியில் இருக்கிறார்கள். அந்தக் காலையை அவர்கள் பார்க்கவில்லை. ஆனால் அந்த வீடுகளில் அந்தக் காலை இன்னும் முடியவும் இல்லை. அத்தை ஒருத்தியின் பெயரைச் சொன்னால் பேச்சு நின்றுவிடும். ஏன் நிற்கிறது என்று பிள்ளைக்கு அரைகுறையாகத்தான் தெரியும். பார்த்ததை மட்டுமே எழுதுவது என்றால் அதற்கு நாட்குறிப்பு போதும். பார்க்காததை, கேட்டதை, பாதி தெரிந்ததை எப்படி நம்பும்படி ஆக்குவது என்ற கேள்விக்குத்தான் புனைவு தேவைப்படுகிறது. இந்தக் கரையில் ஒவ்வொரு வகுப்பறையிலும் அந்தக் கேள்வி உட்கார்ந்திருக்கிறது.

பிழையைப் பற்றிப் பேசாமல் இதை முடிக்க முடியாது. "முதல்ல தப்பில்லாம எழுதக் கத்துக்கட்டும், கதை அப்புறம்" என்பது பொறுப்பான பேச்சு போலத் தெரியும். அந்த "அப்புறம்" வந்ததே இல்லை. ஒன்பதாவதில் பிழை, பத்தாவதில் தேர்வு, பதினொன்றில் பிரிவு, பன்னிரண்டில் கட்-ஆஃப். மேலும், சிவப்பு மையின் வேகத்தில் பிழையோடு சேர்த்துப் பேச்சும் அடிபடுகிறது. ஒரு பிள்ளை கதையில் ஆயாவை "வந்துக்கினே இருக்கான் உங்கப்பன்" என்று பேசவிட்டால் அதை அடித்து "உன் தந்தை வந்துகொண்டிருக்கிறார்" என்று திருத்துகிறோம். அந்த ஆயா அந்த நிமிடமே செத்துப்போகிறாள். கரிசல் பேச்சில் ஊறவைத்து எழுதிய 'கோபல்லபுரத்து மக்கள்' 1991இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. அதையே பாடமாக வைத்திருக்கிறோம். கி.ரா.வின் ஊர்ப்பேச்சைப் படித்துப் பரவசப்படலாம், உன் ஊர்ப்பேச்சை எழுதக் கூடாது என்றால் பிள்ளைக்கு என்ன புரியும்? கதை சொல்பவரின் நடை ஒன்று, பாத்திரத்தின் பேச்சு ஒன்று என்று பிரித்துக் காட்டினால் எழுத்துத் தமிழும் தெளியும். எந்த இடத்தில் எதை எழுதுகிறோம் என்று தெரிந்தே எழுதுகிற பிள்ளை ஒற்றை விடுவதும் குறையும். இதை நான் ஆண்டுதோறும் பார்க்கிறேன்.

டால்ஸ்டாயின் உதாரணத்தை இரு தரப்பும் எடுத்துக்கொள்ளலாம் என்பதால் அதையும் முன்வைக்கிறேன். 1859இல் அவர் தன் பண்ணையான யாஸ்னயா பொல்யானாவில் குடியானவர் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். ஒரு பழமொழியை வைத்துக் கதை எழுதலாம் என்று பிள்ளைகளைக் கூப்பிட்டார். ஃபெத்கா என்ற பையன், கதையில் வரும் அண்டை வீட்டுக்காரர் அவசரத்தில் பெண்பிள்ளையின் கம்பளிக் கோட்டை மாட்டிக்கொண்டு வர வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தான். அந்த ஒரே விவரத்தில் அந்த மனிதரும் அந்த வீடும் முழுசாக எழுந்து நின்றதைப் பார்த்து டால்ஸ்டாய் திகைத்துப்போனார். நாம் பிள்ளைகளுக்கு எழுதக் கற்றுத்தர வேண்டுமா, பிள்ளைகளிடம் நாம் கற்க வேண்டுமா என்று கேட்டு 1862இல் கட்டுரையே எழுதினார். "பார்த்தீர்களா, சொல்லித்தராமலே வருகிறது" என்று எதிர்த் தரப்பு இதைக் காட்டலாம்; டால்ஸ்டாயின் மனமும் அந்தப் பக்கமே சாய்ந்தது. ஆனால் அந்த அறையில் நடந்ததைப் பாருங்கள். பெரியவர் ஒருவர் உட்கார்ந்து, பழமொழியைக் கொடுத்து, அடுத்து என்ன என்று கேட்டு, பிள்ளைகள் சொன்னவற்றில் எது வேண்டும் எது வேண்டாம் என்று அவர்களோடு வாதாடி, தன் கையால் எழுதிக்கொண்டிருந்தார். கேட்க ஆள் இருந்ததால்தான் அந்தக் கம்பளிக் கோட்டு கதைக்குள் வந்தது. நம் வகுப்பில் ஃபெத்காக்கள் கடைசி பெஞ்சில் இருக்கிறார்கள். எழுதிக்கொள்ளத்தான் ஆள் இல்லை.

கற்க முடியாத கலை என்று பேசுகிறவர்கள் மாமல்லபுரத்தில் இருந்துகொண்டு பேசுவது எனக்குக் கூடுதல் வியப்பு. இதே ஊரில் 1957இல் அரசு தொடங்கிய சிற்பப் பயிற்சி நிலையம் இன்று கட்டடக்கலை, சிற்பக்கலைக் கல்லூரியாக நிற்கிறது. தாலம் என்ற அளவுக் கணக்கில் உருவத்தை வரைந்து பழகி, பிறகு உளியைத் தொடுகிறார்கள் மாணவர்கள். அதைவிட முக்கியமான பாடம் கல்லூரிக்கு வெளியே இருக்கிறது. பல்லவர் காலத்தில் பாதியில் விட்ட வேலைகள் இங்கே ஏராளம். முடிக்காத குடைவரைகளின் சுவரை அருகில் போய்ப் பாருங்கள். பாறை முகத்தைச் சதுரம் சதுரமாகப் பிரித்து, சதுரத்தின் ஓரங்களை ஆழமாக வெட்டி, நடுவில் மேடாக நிற்பதைத் தட்டி உடைத்து உள்ளே போயிருக்கிறார்கள். அர்ச்சுனன் தபசு போலவே இன்னொரு பெரும் புடைப்புச் சிற்பத்தைத் தொடங்கி, உருவங்கள் பாதி வெளியே பாதி கல்லுக்குள் என்று விட்டிருக்கிறார்கள். ஏழாம் நூற்றாண்டுச் சிற்பியின் வேலை முறை அங்கே திறந்து கிடக்கிறது. கடற்கரைக் கோயிலை மட்டும் பார்க்கிறவனுக்கு அது தெய்வச் செயலாகத் தோன்றும். இந்தப் பாதி வேலைகளைப் பார்க்கிறவனுக்கு, மனிதக் கை எந்த வரிசையில் இயங்கியது என்று தெரியும். பிள்ளைகளுக்கு நாம் முடிந்த கதைகளை மட்டுமே காட்டுகிறோம். அடித்தல் திருத்தலோடு இருக்கும் ஒரு கதையைப் பார்த்த மாணவர் எத்தனை பேர்? ஆசிரியரே கரும்பலகையில் நாலு வரி எழுதி, பிடிக்கவில்லை என்று அழித்துவிட்டு, வேறு மாதிரி எழுதிக் காட்டினால் போதும். அது நடக்காதவரை கதை அவர்களுக்கு வானத்திலிருந்து விழுந்த சரக்காகத்தான் தெரியும்.

எதிர்த் தரப்பின் ஒரே ஓர் அச்சத்தில் நியாயம் இருக்கிறது. பாடத்திட்டத்துக்குள் கொண்டுவந்தால் கதையும் செத்துவிடும் என்பது அது. உண்மைதான். பொதுத்தேர்வில் "ஒரு சிறுகதை எழுதுக – 8 மதிப்பெண்" என்று வந்தால் மறுமாதமே கைடில் பத்து மாதிரிக் கதைகள் அச்சாகிவிடும். மாநிலம் முழுக்க ஒரே கதையை எழுதிவைப்பார்கள். காட்சியைக் கண்டு கவினுற எழுதுக என்ற நல்ல கேள்விக்கு நேர்ந்த கதி நம் கண்முன் இருக்கிறது: படத்தைப் பார்க்காமலே எழுதத்தக்க விடையை மனப்பாடம் செய்து வருகிறார்கள். ஆனால் இதிலிருந்து கதையைச் சொல்லித்தராதே என்ற முடிவு வராது. கதைக்குப் பொதுத்தேர்வு வைக்காதே என்ற முடிவுதான் வரும். ஓட்டப் பந்தயத்துக்கும் பாட்டுக்கும் பொதுத்தேர்வு கிடையாது. ஆனாலும் மைதானம் இருக்கிறது, பாட்டு வகுப்பு இருக்கிறது.

நேரம் இல்லை என்பதையும் நான் ஏற்கவில்லை. 'கற்பவை கற்றபின்', 'மொழியோடு விளையாடு' என்று ஒவ்வொரு இயலிலும் செய்து பார்க்க வேண்டிய பகுதிகள் ஏற்கெனவே இருக்கின்றன. தேர்வுக்கு வராது என்று அவற்றைத் தாண்டிப் போவதுதான் நம் பழக்கம். எட்டாம், ஒன்பதாம் வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வும் இல்லை. ஒன்பதாவதில் பாதியிலேயே பத்தாம் வகுப்புப் பாடத்தைத் தொடங்கிவிடும் தனியார் பள்ளிகளுக்கு வேண்டுமானால் நேரம் இல்லாமல் இருக்கலாம். அந்த அவசரம் அவர்களாக உண்டாக்கிக்கொண்டது. குழந்தைகள் தினத்துக்குக் கதைப் போட்டி நடத்துகிறோமே என்று சிலர் சொல்வார்கள். சொல்லித்தராமல் போட்டி வைத்தால், வீட்டிலேயே கற்றுவந்த பிள்ளை பரிசை வாங்கிக்கொண்டு போகும். மற்றவர்கள் கைதட்டிவிட்டு, தங்களுக்கு இது வராது என்ற முடிவோடு வீட்டுக்குப் போவார்கள்.

ஆசிரியர்களுக்குத் தெரியாதே என்பது கடைசித் தடை. எழுத்தாளராக இருக்கும் ஆசிரியரை யாரும் கேட்கவில்லை, கேள்வி கேட்கத் தெரிந்தவர் போதும். பள்ளிக் கல்வித் துறை மாணவர்களுக்குத் 'தேன்சிட்டு' இதழும், ஆசிரியர்களுக்குக் 'கனவு ஆசிரியர்' இதழும் நடத்துகிறது. வாசிப்பு இயக்கம் சின்னச் சின்னக் கதைப் புத்தகங்களைப் பள்ளிகளுக்குக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறது. மாவட்டந்தோறும் புத்தகத் திருவிழா நடக்கிறது, எழுத்தாளர்கள் மேடைக்கு வருகிறார்கள். வந்த எழுத்தாளரை மேடையிலிருந்து இறக்கி, ஒரு பிற்பகல் தமிழாசிரியர்களோடு உட்காரவைத்து, அவருடைய ஒரு கதை எத்தனை தடவை மாறியது என்று கையெழுத்துப் பிரதியோடு காட்டச் சொல்லலாம். செங்கல்பட்டு மாவட்டத்தின் கடலோரப் பள்ளிகளிலிருந்து, முதலியார்குப்பமோ கோவளமோ கல்பாக்கமோ, எங்கிருந்து வேண்டுமானாலும் தொடங்கலாம். ஜூனில் பள்ளி திறக்கும்போது ஒன்பதாம் வகுப்புக் கால அட்டவணையில் வாரம் ஒரு பிரிவேளை, கோடு போட்ட நோட்டு ஒன்று, சிவப்பு மைக்கு அந்த நோட்டுக்குள் அனுமதி இல்லை என்ற ஒரே விதி. ஆண்டு முடிவில் ஒவ்வொரு பிள்ளையும் தன் கதையை வகுப்பில் எழுந்து நின்று படிக்கட்டும். கதை பிறவியில்தான் வரும் என்கிறவர்களும் அன்று வந்து, பின்வரிசையில் உட்கார்ந்து கேட்கட்டும்; அதற்குப் பிறகும் அதையே சொன்னால் மறுபடி வாதிடத் தயாராக இருக்கிறேன்.